தாத்தா லாரி ஓட்டிய ரோடு: காட்பாடியிலிருந்து கோஹிமா வரை

நாள் 1: காட்பாடி

ரயில் வருவதற்குள் சித்தப்பா பையை மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்துவிட்டார். "மக்கு இருக்குதா கண்ணு?" என்று என்னைக் கேட்கிறார். பை அவர் தோளில்தான் தொங்குகிறது.

வெள்ளை எனாமல் மக்கு. விளிம்பில் நீலக் கோடு. இரண்டு இடத்தில் எனாமல் உதிர்ந்து உள்ளே கறுப்பாகத் தெரியும். 1946இல் தாத்தா பட்டாளத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில் இன்று மிச்சம் இருப்பது இந்த மக்கும், ஆறு முனை நட்சத்திரமாக ஒரு மெடலும்தான். பர்மா ஸ்டார் என்பது அதன் பெயர். நடுவில் சிவப்பும், இரண்டு பக்கமும் நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடுமாக ரிப்பன். மெடல் பீரோவில் கிடந்தது. மக்குதான் தினமும் உழைத்தது. மூன்று டம்ளர் டீ பிடிக்கும். "மனுஷன் குடிக்கிறதா இது? மாட்டுத் தொட்டி" என்று திட்டிக்கொண்டேதான் பாட்டி ஊற்றுவாள். தாத்தா பதில் பேச மாட்டார். மக்கை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டுவார்.

2022 ஆவணியில் தாத்தா போனார். 98 வயது. முதல் வருஷத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்து, 2023 நவம்பரில், அவர் போரில் லாரி ஓட்டிய நாகாலாந்துக்குக் கிளம்பியிருக்கிறோம். விமானத்தில் போகலாம் என்றேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அவரு ரயில்லதானே போனாரு" என்றார். நல்லவேளை, கன்னியாகுமரியிலிருந்து அசாமின் திப்ருகர் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியிலும் நிற்கிறது, திமாப்பூரிலும் நிற்கிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் ரயில். நம் நாட்டில் இவ்வளவு தூரம் போகிற ரயில் வேறு இல்லை.

எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள் இருக்கும் ஊர் அது. இரண்டாம் உலகப் போர் நடந்த 1942இல் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தோடு தாத்தாவும் நடந்திருக்கிறார். வயது 18. அதுவரை மாட்டு வண்டி ஓட்டியவர். அவர்களாகவே லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து சர்வீஸ் கோரில் போட்டார்கள். அரிசி, பருப்பு, பெட்ரோல், குண்டு என்று படைக்கு எது வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு.

"நீ யாரையாவது சுட்டிருக்கியா தாத்தா?" என்று சின்ன வயதில் நாங்கள் எல்லோருமே கேட்டிருக்கிறோம்.

"நான் லாரி ஓட்டினேன்" என்பார். அதோடு சரி.

நாள் 2: ரயிலில்

ஆந்திரா இரவோடு போய்விட்டது. கண் விழித்தபோது ஒடிசா. பெட்டியில் முக்கால்வாசிப் பேர் கேரளாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் அசாம் பையன்கள். கட்டடம், ஹோட்டல், பிளைவுட் கம்பெனி. எதிர் பர்த்துப் பையன் மலையாளமும் கொஞ்சம் தமிழும் பேசினான். போரில் இருந்த தாத்தாவின் இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்றதும் "அவர் சுட்டாரா?" என்று அவனும் அதையே கேட்டான். சித்தப்பா சிரித்துவிட்டு, "டிரைவர், டிரைவர்" என்றார். பையனுக்கு அதன் பிறகு ஆர்வம் போய்விட்டது.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. ரயில் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் விடுவதே நல்லது.

நாள் 3: பிரம்மபுத்திரா, திமாப்பூர்

ராத்திரி ஃபராக்காவில் கங்கையைத் தாண்டியதே தெரியவில்லை. தூங்கிவிட்டோம். குவஹாத்திக்கு முன்னால் பிரம்மபுத்திரா வந்தபோது சித்தப்பா என்னை உலுக்கினார். ஆறு என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பாலாற்று ஜனங்களுக்கு ஆறு என்றால் மணல்தானே.

இந்த வழியில் தாத்தா போன காலத்தில் ஃபராக்கா பாலமும் இல்லை, பிரம்மபுத்திராவுக்குக் குறுக்கே ஒரு பாலமும் இல்லை. கல்கத்தாவிலிருந்து பெரிய ரயிலில் வந்து, இன்று வங்கதேசத்தில் இருக்கும் பார்வதிப்பூரில் இறங்கி, சின்ன ரயிலுக்கு மாறி, அமின்காவ்ன் துறையில் படகில் ஏறி அக்கரைப் பாண்டுவில் இறங்கி, மறுபடியும் ரயில். மூட்டை முடிச்சு, துப்பாக்கி, பெட்ரோல் பீப்பாய் எல்லாவற்றையும் ஒவ்வொரு இடத்திலும் இறக்கி ஏற்ற வேண்டும். அசாம் போர்முனைக்கு எதைக் கொண்டுபோனாலும் இந்தக் கழுத்துக்குள்தான் நுழைந்தாக வேண்டும். 1944இல் இந்த ரயில் பாதையில் ஒரு பகுதியை அமெரிக்க ராணுவ ரயில்வே ஆட்களே வந்து ஏற்று நடத்தும் அளவுக்கு நெரிசல்.

திமாப்பூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் இந்த ஸ்டேஷனின் பெயர் மணிப்பூர் ரோடு. தாத்தா கடைசிவரை திமாப்பூர் என்று சொன்னதே இல்லை. "மணிப்பூர் ரோட்ல எறங்கினோம்" என்பார். அது ஏதோ தெருப் பெயர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாகாலாந்துக்குள் நுழைய வெளியூர்க்காரர்களுக்கு உள்நுழைவு அனுமதி வேண்டும். ஆன்லைனில் முன்பே எடுத்திருந்தோம். சித்தப்பா அந்தத் தாளை நாலாக மடித்து, பஸ் ஓட்டிய காலத்தில் லைசென்ஸ் வைத்த அதே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நாள் 4: திமாப்பூரிலிருந்து கோஹிமா, 74 கிலோமீட்டர்

காலையில் ஷேர் சுமோ. மூட்டைகளை மேலே போட்டு டிரைவர் கயிறு கட்டினார். சித்தப்பா ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேலே கையை நீட்டி, அவிழ்த்து, தானே கட்டினார். ஒரு சுருக்குப் போட்டு, அதற்குள் கயிற்றை விட்டுக் கீழே இழுத்து இறுக்குகிற லாரி முடிச்சு. தாத்தா சொல்லிக்கொடுத்தது. சுமோ டிரைவர் முடிச்சைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்குப் பாட்டியின் ஜடை ஞாபகம் வந்துவிட்டது.

1998இல் பாட்டிக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. பாட்டிக்கு அந்த வயதிலும் முடி இடுப்பு வரைக்கும் இருக்கும், அதில் பெருமையும் உண்டு. மருமகள்கள் பின்னிவிட வந்தால் கூச்சம். ஒரு நாள் காலை, அப்போது 74 வயதான தாத்தா, சீப்பையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு பாட்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் ஜடை அப்படியே தார்ப்பாய்க் கயிறு. "ஐயோ, லாரிக்கா கட்டுற?" என்று பாட்டி அலறியது தெருவுக்கே கேட்டது. ஒரு வாரத்தில் கை இளகிவிட்டது. முடியை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரியையும் கட்டை விரலால் நீவி, காதோரம் தொங்கும் பூனைமுடியை எச்சில் தொட்டு ஒதுக்கி, நுனியில் கறுப்பு ரிப்பனை இரண்டு சுற்றுச் சுற்றி முடிப்பார். முடித்ததும் ஜடையைத் தூக்கி லேசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். லோடு அசைகிறதா என்று பார்க்கிற பழக்கம். பாட்டி 2009இல் போகும் வரை, பதினோரு வருஷம், ஒரு நாள் விடவில்லை. கல்யாண வீட்டுக்கு அவர் போனாலும் காலை ஜடை பின்னிவிட்டுத்தான் போவார். ராத்திரிக்குள் திரும்பிவிடுவார்.

திரும்பி வருவதில் அவருக்கு ஒரு பிடிவாதமே உண்டு. பட்டாளத்திலிருந்து வந்தபின் தனியார் பஸ், பிறகு அரசு பஸ் என்று ஸ்டியரிங்கிலேயே காலத்தை ஓட்டினார். நைட் ஹால்ட் வண்டிக்குப் படி கூடக் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கவே மாட்டார். யாராவது லீவு போட்டு இவர் தலையில் விழுந்தால், ஹால்ட் ஊரிலிருந்து சைக்கிள் கடன் வாங்கி, பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டு, விடியற்காலை மறுபடியும் மிதித்துப் போய் வண்டி எடுப்பார். "நாலு வருஷம் வெளிய படுத்தாச்சு, போதும்" என்பது அவர் கணக்கு.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

திமாப்பூரைத் தாண்டும் வரை சமவெளி. 1944இல் இங்கே இருந்த சப்ளைக் கிடங்கு பதினோரு மைல் நீளம், ஒரு மைல் அகலம். எல்லாம் குடிசையும் கூடாரமும் தார்ப்பாயும். பர்மாவிலிருந்து வந்த ஜப்பான் படை கோஹிமாவைத் தாண்டி இதைப் பிடித்திருந்தால் இம்பாலில் இருந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகளுக்குச் சோறு இல்லை. சுமுகேதிமாவில் மலை ஆரம்பிக்கிறது. அப்புறம் பகலா பஹார். பைத்தியக்கார மலை என்று அர்த்தம். மழைக்காலத்தில் பாறை எப்போது உருளும் என்று சொல்ல முடியாது. 2023 ஜூலையில்கூட ஒரு பாறை உருண்டு வந்து கார்களை நசுக்கி ஆட்கள் இறந்தார்கள். இப்போது நாலு வழிச் சாலை. ஆனாலும் ரோடு வேலை நடக்கும் இடங்களில் ஒற்றை வழிதான்.

அப்படி ஓர் இடத்தில் எங்கள் சுமோ ஏறிக்கொண்டிருக்க, மேலேயிருந்து ஒரு டிப்பர் இறங்கி வந்து ஓரமாக நின்று வழி விட்டது. "பார்த்தியா" என்றார் சித்தப்பா. "ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி ஒதுங்கணும். எங்கப்பா எனக்குச் சொன்ன மொத பாடம்." சித்தப்பாவும் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடயர் ஆனவர். வழி முழுக்க வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

தாத்தாவின் காலத்தில் இது முக்கால்வாசி இடங்களில் ஒரு வண்டி மட்டும் போகிற ரோடு. 1942இல் அசாம் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளைக் கொண்டுவந்துதான் இதை அவசரமாக அகலப்படுத்தினார்கள். அதே வருஷம் எதிர்ப்பக்கத்திலிருந்து பர்மா அகதிகள் நடந்து வந்தார்கள். லட்சக்கணக்கில் வந்த அந்தக் கூட்டத்தில் ரங்கூன் தமிழர்களும் இருந்தார்கள். மழையில் செவர்லே லாரி, முகப்பு விளக்குக்கு மூடி, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. சேற்றில் லாரி பின்னால் வழுக்கினால் கிளீனர் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். தாத்தாவோடு போனவர் ஓர் ஆரணிக்காரர். 1944 மழையில் வேறொரு லாரியில் போன அன்று, அந்த லாரியோடு பள்ளத்தில் போய்விட்டார். அவர் பெயர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆடி அமாவாசைக்குத் தாத்தா தன் அப்பா, அம்மா பெயர்களோடு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் தண்ணீர் விடுவார். அவர் குடும்பத்தார் யாராவது இருக்கலாம் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை.

கோஹிமா வந்தபோது மணி மூன்று. நாலரைக்கே இருட்டிவிட்டது. "இன்னா குளிருடா சாமி" என்று சித்தப்பா இரண்டு சட்டையை ஒன்றாகப் போட்டுக்கொண்டார்.

நாள் 5: கோஹிமா போர்க் கல்லறை

ஊரின் நடுவிலேயே இருக்கிறது. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போகிற முக்கிலிருந்து படி ஏறினால் சட்டென்று சத்தம் அடங்கிவிடுகிறது. படிப்படியாக வெட்டிய மலைச்சரிவு, வெட்டி விட்ட புல், வரிசை வரிசையாகத் தரையோடு ஒட்டிய சின்னக் கல்வெட்டுகள். 1,420 கல்லறைகள்.

கீழேயே அந்தப் பிரபலமான வாசகம் இருக்கிறது. ஊருக்குப் போனால் எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம் என்று. சித்தப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரோட நாளைக்கு?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. வெள்ளைக்காரன் படையில் சம்பளத்துக்குச் சேர்ந்த நம் ஆட்கள் ஒரு பக்கம். எதிரே ஜப்பானியரோடு இம்பாலை நோக்கி வந்த நேதாஜியின் படையில் மலேயாத் தமிழர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் பக்கத்து ஊரிலேயே நேதாஜி படையில் இருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். டீக்கடையில் தாத்தாவும் அவரும் ஒரே பெஞ்சு. அவருக்குத் தியாகி பென்ஷன் வந்தது. தாத்தாவுக்கு ஒன்றும் இல்லை, நாலு வருஷ சர்வீஸுக்கு எங்கே பென்ஷன்? "அந்தப் பக்கம் ஓடிப்போன உனக்குப் பணம், இந்தப் பக்கம் உனக்கும் சேர்த்து அரிசி ஏத்தின எனக்கு ஒண்ணுமில்ல" என்பார் தாத்தா. "எங்க அரிசி எங்க வந்துச்சு, அதான் தோத்தோம்" என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். உலகப் போரில் இருந்தவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் தாளைக் கரையான் தின்றிருந்தது. ஒரு அலுவலகத்தில் ஆறு வருஷம் அலையவிட்டார்கள். 80 வயதில் முதல் தொகை கைக்கு வந்ததும் நேராகப் போய்ப் பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு டேபிள் ஃபேன் வாங்கினார்.

மேலே ஏறினோம். டென்னிஸ் கோர்ட் வந்தது. பிரிட்டிஷ் துணை ஆணையர் சார்லஸ் பாசேயின் பங்களாவும் அவருடைய டென்னிஸ் மைதானமும் இருந்த இடம். 1944 ஏப்ரலில் இந்த மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் படை, அந்தப் பக்கம் ஜப்பான் படை. பந்து போகிற தூரத்தில் கையெறி குண்டு வீசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கோடுகளை மட்டும் வெள்ளையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். சித்தப்பா காலால் அளந்து பார்த்தார். "நம்ம வீட்டுக் களத்துமேடு அளவு கூட இல்ல கண்ணு."

உச்சியில்தான் நாங்கள் தேடி வந்தது. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களுக்கான நினைவகம். 917 பெயர்கள். முந்தின ராத்திரியே காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் ஆரணிக்காரர் பெயரைப் போனில் நாலு விதமான எழுத்துக் கூட்டலில் தேடியிருந்தேன். கிடைக்கவில்லை. கல்லில் பார்த்தால் இருக்கலாம் என்று சித்தப்பாவுக்கு நம்பிக்கை. பிரிவு பிரிவாக விரலை வைத்துக்கொண்டே போனார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நான் படித்துச் சொல்கிறேன் என்றால் வேண்டாம் என்கிறார். முக்கால் மணி நேரம்.

இல்லை.

உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பர்மாவில், ரங்கூனுக்கு வடக்கே தவுக்யானில் இருக்கும் நினைவகத்தில் பொறித்திருக்கிறார்கள் என்றேன். அங்கே சுமார் 27,000 பெயர்கள். "அங்க வேற போவணுமா" என்றார் சித்தப்பா, பாதி வருத்தமாக, பாதி நிஜமாகவே. பிறகு மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்து, நம் பக்கத்துப் பெயர் மாதிரித் தெரிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரி. பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

இறங்கும்போது ஒரு வரைபடப் பலகையில் நான் நின்றுவிட்டேன். சண்டை நடந்த குன்றுகளின் பெயர்கள். காரிசன் ஹில், ஜெயில் ஹில் சரி. அப்புறம் எஃப்எஸ்டி, டிஐஎஸ், ஜிபிடி. முதலாவது ஃபீல்டு சப்ளை டிப்போ. அடுத்தது டெய்லி இஷ்யூ ஸ்டோர், அதாவது அன்றாடம் ரேஷன் அளந்து போடும் இடம். மூன்றாவது ஜெனரல் பர்ப்பஸ் டிரான்ஸ்போர்ட், லாரி நிறுத்தும் இடம். வரலாற்றுப் புத்தகங்களில், பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களின் கதையோடு வரும் பெயர்கள் இவை. சண்டை வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்கள் டிரைவர்களும் கிடங்குக்காரர்களும் ரொட்டி சுடுகிறவர்களும்தான். பதுங்கியிருந்த ஜப்பானியர்களை அந்த ரொட்டி அடுப்புகளுக்குள்ளிருந்துதான் கிளப்ப வேண்டி வந்தது.

ஜிபிடி என்றால் என்னவென்று சொன்னதும் சித்தப்பா எதிர்மலையைப் பார்த்தார். தகரக் கூரை வீடுகள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள்.

"இன்னா, நம்ம டிப்போ மாதிரியா?"

"ஆமா சித்தப்பா. டிப்போதான்."

"டிப்போ பேரையா மலைக்கு வச்சிருக்கான்?" என்றார். அன்று முழுக்க அதையே நாலு தடவை சொல்லிவிட்டார். ராத்திரி அத்தைக்குப் போன் போட்டு, ஆரணிக்காரர் கிடைக்காததைச் சொல்லும் முன்னால் இதைத்தான் சொன்னார்.

நாள் 6: கிக்வேமா

இம்பால் வரை போவதுதான் முதல் திட்டம். 1944 ஜூன் 22 அன்று, கோஹிமாவிலிருந்து இறங்கிய படையும் இம்பாலிலிருந்து ஏறிய படையும் 109ஆவது மைல்கல்லில் சந்தித்த பிறகு, முதல் வாரத்திலேயே அந்த வழியில் அரிசி லோடு கொண்டுபோனதாகத் தாத்தா சொல்வார். மணிப்பூரில் 2023 மே மாதத்தில் தொடங்கிய இனக் கலவரம் எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம்.

கோஹிமாவுக்குத் தெற்கே கிக்வேமா என்ற அங்காமி நாகர் கிராமம். அங்கே ஒரு வீட்டுச் சுவரில், 1944 ஏப்ரல் 4 அன்று மாலை 3 மணிக்கு ஜப்பான் வீரர்கள் வந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தேதி மட்டும் போதாதென்று மணியும். வீட்டுக்குள் பாம்பு வந்த நேரத்தை நாம் மறக்காமல் வைத்திருப்போமே, அப்படி. சண்டை முடிந்தபோது கோஹிமாவில் கூரையோடு நின்ற வீடுகள் ரொம்பக் குறைவு. அது இவர்கள் ஊர், இவர்கள் வயல். சண்டை போட்டவர்கள் எல்லோரும் வெளியாட்கள்.

இங்கே வந்தது ஜப்பான் ஜெனரல் சாத்தோவின் 31ஆவது டிவிஷன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், மலை மலையாக ஏறி, மூன்று வாரத்துச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கோஹிமாவில் அப்போது பிரிட்டிஷ் பக்கம் இருந்தது, துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் சேர்த்து சுமார் 2,500 பேர். தண்ணீர்கூட எதிரி கைக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களுக்கு வானத்திலிருந்து பாராசூட்டில் கொஞ்சம் வந்தது, திமாப்பூரிலிருந்து ரோட்டில் உதவி வந்தது. சாத்தோவுக்கு எதுவும் வரவில்லை. மூன்று வாரம் இரண்டு மாதம் ஆனது. மேலிடத்து உத்தரவை மீறி அவர் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். போகும் வழியில் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் ஏராளம்.

தாத்தாவிடமிருந்து போரைப் பற்றி எனக்குக் கிடைத்ததே மொத்தம் ஒரு வாக்கியம்தான். தட்டில் சோறு மிச்சம் வைத்தால் சொல்வார்: "ஜப்பான்காரன் நல்ல வீரன். சோறு வரல, திரும்பிட்டான்." எங்களைச் சாப்பிடவைக்கச் சொல்கிற கதை என்றுதான் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அந்த ஊர்ப் பெண் ஒருவர் வீட்டில் சாப்பாடு. சோறு, புகையில் வாட்டிய பன்றிக்கறி, கீரைத் தண்ணீர், ராஜா மிளகாய்த் துவையல். வேலூர் வெயிலில் காரம் சாப்பிட்டு வளர்ந்தவர் என்ற திமிரில் சித்தப்பா துவையலை ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டார். அரை மணி நேரம் பேச்சு இல்லை. அந்த அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னும் சோறு வைத்தார். சித்தப்பா தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

நாள் 7: ஜுப்ஸா

திரும்பும் நாள். திமாப்பூர் போகும் வழியில் ஜுப்ஸாவில் நிறுத்தச் சொன்னோம். கோஹிமா முற்றுகையில் இருந்தபோது கீழேயிருந்து வரும் லாரிகள் இந்தப் பக்கம் வரைக்கும்தான் வர முடிந்தது. மேலே குண்டுச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும், லோடை இறக்கிவிட்டு, அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவோம் என்று தாத்தா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், சித்தப்பாவிடம். என்னிடம் சித்தப்பா அதைச் சொன்னது இங்கே வந்த பிறகுதான்.

ரோட்டோரம் மூங்கில் தட்டி அடைத்த ஒரு டீக்கடை. சித்தப்பா பையிலிருந்து மக்கை எடுத்தார். குழாயில் இரண்டு தடவை கழுவினார். கடைக்கார அம்மாவிடம் நீட்டி, இதில் ஊற்றுங்கள் என்று சைகை காட்டினார். அந்த அம்மா மக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எனாமல் உதிர்ந்த இடத்தை விரலால் தடவினார், பிறகு கெட்டிலைச் சாய்த்து விளிம்பு வரைக்கும் கறுப்பு டீ ஊற்றினார். பால் கிடையாது. இஞ்சி வாசம் மட்டும்.

சித்தப்பா ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டு குடித்தார். பாதியில் என்னிடம் கொடுத்தார். நான் கொஞ்சம் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அது தீரவேயில்லை. சுமோ டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

மூன்று டீக்குக் கணக்குப் போட்டு முப்பது ரூபாய் நீட்டினார் சித்தப்பா. அந்த அம்மா பத்தை எடுத்துக்கொண்டு இருபதைத் திருப்பித் தந்தார். மக்கைக் காட்டி, ஒரு விரலைக் காட்டினார். ஒன்றுதானே.

சித்தப்பா மக்கைத் துண்டால் துடைத்துப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துச் சரிபார்த்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்:

"எங்கம்மா இருந்திருந்தா அந்தக் கடைக்காரம்மாவையும் சேத்துத் திட்டியிருக்கும்."